எலும்போடு பேரம்

தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதி உன் நலத்தைக் கேட்கிற கடிதம் இல்லை இது. நான் நலமாக இல்லை, நீயும் இல்லை. அதை ஒத்துக்கொண்டே தொடங்குவோம். நேற்றுச் சாயந்தரம் ரஜனி போன் எடுத்தாள். புருஷனைப் பற்றி மாமியாரிடம் முறையிடுகிற பழக்கம் உன் மனைவிக்கு இல்லை. அதனால் அவள் "அத்தை" என்று சொல்லி நிறுத்தியபோதே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. "அத்தை, அவரு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி இடுப்பு ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டாரு. ஏன்னு கேட்டா, அம்மா பட்டத நீ பார்த்தீல்ல, அது பத்தாதான்னு கேக்குறாரு" என்றாள். நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் உன்னோடு போனில் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "சரிம்மா, பார்ப்போம்மா, நீங்க மருந்து குடிச்சீங்களா" என்று கேட்டு என்னைச் சுற்றிக் கொண்டுபோய் வாசலில் விட்டுவிடுவாய். நீ வாத்தியார், வகுப்பை அடக்குகிற மாதிரியே என்னையும் அடக்கத் தெரிந்தவன். எழுதினால் குறுக்கே பேச முடியாது. ரஜனியும் இதைப் படிக்கட்டும். உன் பாடசாலையில் ஆசிரியர்கள் இருக்கிற அறை மேசையில் விட்டுவிட்டுப் போனாலும் எனக்கு வெட்கமில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற எவருக்கும் இதில் ஏதாவது உதவும்.

நீ பார்த்தது கடைசியில் நடந்ததை மட்டும். நம் பாத்திரக் கடை நடுவில் நான் கிடந்ததையும், கால் உள்பக்கமாகத் திரும்பிக் குட்டையாகிப் போனதையும், நான் போட்ட சத்தத்தையும் பார்த்தாய். அதற்கு முன்னால் நடந்த வாரங்களை நீ பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற மகனுக்காக முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்து உட்கார்ந்திருக்க என்னால் முடிந்தது. நீ பஸ் ஏறப் போனதும் நான் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த வாரங்களைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். நல்ல சாமானை மேலே வைத்து, நெளிந்ததை அடியில் வைத்துக் கட்டித் தருகிற வியாபாரம் நான் செய்ததில்லை. உனக்கும் செய்ய மாட்டேன்.

இடுப்பு மூட்டை மாற்றுகிற ஆபரேஷன் அன்றைக்கு முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிற்று, காது மரக்கவில்லை. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. அலுமினியச் சட்டியில் விழுந்த நெளிவை எடுக்கத் தட்டுவோமே, அதே சத்தம். வலி ஒன்றும் இல்லை. ஆனால் தட்டுப்படுவது என் எலும்பு என்று தெரிந்துகொண்டு படுத்திருப்பது லேசான காரியம் இல்லை. உனக்குக் கேட்கப் பிடிக்காவிட்டால் முன்கூட்டியே சொல், தூங்க வைத்துவிடுவார்களாம். எனக்கு அவர்களிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. யாரிடமும் எதையும் கேட்காமலே இந்த வயதுக்கு வந்தவள் நான். படுக்கையில் அது பெரிய குறை, தம்பி. அங்கே வாய் திறந்து கேட்கிறவர்கள்தான் பிழைத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் காலையில் ஒரு பெண்பிள்ளை வந்தாள். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மெலிந்த உருவம். ஒரு காற்றடித்தால் விழுவாள் போலிருந்தாள். "அம்மா, எழும்புங்கோ" என்றாள். நேற்று வெட்டித் தைத்தவளை இன்று எழும்பச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம். "நாளைக்கு எந்திரிக்கிறேன் புள்ள, இன்னைக்கு விட்டுரு" என்றேன். "நாளைக்கும் நான்தான் வருவன். அப்பவும் இதைத்தான் சொல்லுவன்" என்றாள். சரி, கொஞ்சம் இறங்கி வருவாள் என்று பார்த்தேன். "கட்டில விட்டு எறங்கி நிக்கிறேன். நடக்கச் சொல்லாத. அது போதும்ல?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ அம்மா, இது உங்கட கடை இல்லை. என்னோட விலை பேசாதேங்கோ. நிண்டுபோட்டு அந்தக் கதவு மட்டும் நடவுங்கோ. நோகும், ஓம். நோகாதெண்டு நான் சொல்லேல்லையே" என்றாள். நான் நின்றேன். கண் இருட்டியது. கீழே பார்த்தால் இரண்டு கால் இருந்தது, ஒன்று எனக்குச் சொந்தமானது, மற்றது யாரோ வாடகைக்குக் கொடுத்தது. அதைத் தரையில் வைத்தால் தரை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. கதவு வரைக்கும் போகவில்லை, பாதியில் அழுதுவிட்டேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, நான் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். பிறகு, "சரி, இனித் திரும்பிக் கட்டிலுக்கு நடக்கோணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். ஆஸ்பத்திரியில் எல்லோரும் நோயாளிகள்; அங்கே வெட்கத்துக்கு இடமில்லை. வீட்டில் அலுமாரி, சாமிப் படம், உன் அப்பா உட்கார்ந்த கதிரை எல்லாம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது, மலைச்சரிவில் கட்டிய எல்லா வீட்டையும் போல. அந்தப் படிகளில் என்னைக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். நம் கடையில் நான் விற்கிற பிளாஸ்டிக் கதிரை. தூக்கினவர்களில் ஒருவன், "அம்மா, இது ஒடையாதுதானே? நீங்கதானே கேரண்டி குடுக்குறீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே உயிர் போய்க்கொண்டிருந்தது.

முழங்கால் இடுப்பை விட உயரக்கூடாது, உயர்ந்தால் புது மூட்டு கழன்றுவிடும். இதுதான் முதல் வாரங்களின் சட்டம், தம்பி. கேட்கும்போது சின்னதாக இருக்கும். செய்து பார்த்தால் வீட்டில் இருக்கிற எதுவும் உனக்கு ஆகாது. கதிரை பள்ளம், கட்டில் பள்ளம், கக்கூஸ் பள்ளம். கால் மேல் கால் போட ஏலாது. செருப்பைக் குனிந்து எடுக்க ஏலாது. நல்ல காலின் பக்கமாகத் திரும்பிப் படுக்க ஏலாது. கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். கதிரைக்கும் கட்டிலுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். கக்கூஸ் மேல் வைக்கிற உயரமான இருக்கையை வாங்கும்போது, வியாபாரி புத்தியில் அதைப் புரட்டிப் பார்த்து, "இதுக்கு இந்த வெலையா, இதவிட தடிப்பான பிளாஸ்டிக்க நான் பாதி வெலைக்கு விக்கிறேனே" என்று சண்டை போட்டேன். வாங்கி வந்து முதல் தடவை உட்கார்ந்தபோது என்ன விலை கொடுத்தாலும் தகும் என்று நினைத்தேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்கு முன்பே இதையெல்லாம் வீட்டில் செய்து வை. வந்த பிறகு செய்யலாம் என்று நினைக்காதே. வந்த பிறகு நீ மனுஷன் இல்லை, ஒரு சாமான். யாராவது எடுத்து வைத்தால்தான் இடம் மாறுவாய்.

வலி மாத்திரை வயிற்றைக் கட்டிவிடும். இதை யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள், அதனால் பெற்றவள் சொல்கிறேன். பப்பாசிப்பழம் சாப்பிடு, தண்ணீர் குடி, வெட்கப்படாமல் டொக்டரிடம் மருந்து கேள். நான் வெட்கப்பட்டு, வெட்டின காயத்தை விட அதில்தான் அதிகம் அழுதேன். கடையில் என்னோடு நீண்ட காலமாக நிற்கிற செல்விதான் எனக்கு எல்லாம் செய்தாள். ரஜனி வந்து நிற்கிறேன் என்றாள். அவளுக்கு வேலை, பிள்ளைகள், அதோடு உன் காலும் இருக்கிறது. செல்வி என்னைக் குளிப்பாட்டி, துடைத்து, பாவாடை நாடாவைக் கட்டி விடுவாள். ஒரு நாள் நான் அவசரப்பட்டுத் தனியாக எழும்பப் பார்த்தேன். தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்துவிட்டாள். "கடையில நீங்க என்ன ஒக்கார விட மாட்டீங்க. இப்ப நான் ஒங்கள எந்திரிக்க விட மாட்டேன். ரெண்டும் சரியாப் போச்சு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்க நிற்கிற காலைப் பற்றி என் கால் போகும் வரை நான் யோசித்ததில்லை.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிஸ்கட் பெட்டியோடு வருவார்கள், உனக்கென்று உயர்த்தி வைத்த கதிரையில் போய் அவர்களே உட்கார்ந்துகொள்வார்கள், பிறகு கதை தொடங்குவார்கள். மேல் வீட்டுப் புஷ்பம் வந்தாள். "எங்க சித்தப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான்கா. நல்லாத்தான் செஞ்சாங்க. அப்புறம் சீழ் புடிச்சு, தொறந்து, மறுபடி மூடி... பாவம், கட்டில விட்டு எறங்கவே இல்ல. நீங்க பயப்படாதீங்க. ஒங்களுக்கு அப்டி ஆவாது" என்றாள். செல்வி உள்ளேயிருந்து, "புஷ்பக்கா, அந்த பிஸ்கட்ட வச்சிட்டு போங்க, அம்மா மருந்து குடிக்கிற நேரம்" என்று குரல் கொடுத்தாள். அது மருந்து நேரம் இல்லை. நான் அவளுக்கு நன்றி சொல்லவுமில்லை. அன்று முழுவதும் அந்தச் சித்தப்பாவின் கட்டில் என் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. உன் வீட்டு வாசலில் ரஜனியை நிறுத்தி வை. ஆபரேஷன் கதை சொல்கிறவர்களை உள்ளே விட வேண்டாம் என்று சொல்.

காயம் ஆறிக்கொண்டு வரும்போதுதான் மனது கெட்டுப் போகும். இதையும் தெரிந்து வைத்துக்கொள். தையல் பிரித்தாயிற்று, தொடை நீலமும் மஞ்சளுமாக இருந்தது வெளிறிவிட்டது, வாக்கரைப் பிடித்துக் குசினி அடுப்பு வரைக்கும் போகிறேன், எல்லோரும் நல்ல முன்னேற்றம் என்கிறார்கள். எனக்கோ காலையில் கண் விழித்தால் ஏன் விழித்தேன் என்றிருக்கும். மழை பெய்தால் அழுவேன், பெய்யாவிட்டாலும் அழுவேன். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டம் தோட்டமாகத் தலையில் பாத்திர மூட்டையோடு ஏறி இறங்கி, பிறகு குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதையில் விரித்து விற்று, கடைசியில் பெயர்ப்பலகை போட்ட கடைக்குள் போனவள் நான். அந்த மூட்டைகளும் மேடுகளும்தான் இந்த இடுப்பைத் தின்றன என்று டொக்டர் சொன்னார். அப்போதெல்லாம் அழ நேரம் இருக்கவில்லை. செத்துப் போயிருக்கலாமே என்று ஒரு நாள் செல்வியிடம் சொன்னேன். அவள் எனக்குக் காலுறையை மாட்டிவிட்டாள். உனக்கும் அந்த எண்ணம் வரலாம். வந்தால் உள்ளே வைத்துப் பூட்டாதே, யாரிடமாவது சொல். எனக்கு அது வந்தது, கொஞ்ச நாள் இருந்தது, பிறகு போயிற்று. இப்போதும் எட்டிப் பார்க்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு காரியம் நடந்திருந்தது. அதை நான் கவனிக்கவே பல நாள் ஆயிற்று. பழைய வலி இல்லை. வெட்டின வலி இருந்தது, தசை இழுக்கிற வலி இருந்தது. ஆனால் எலும்பும் எலும்பும் உரசி, கவட்டிலிருந்து முழங்கால் வரை பல் கடிக்க வைக்கிற அந்த வலி இருக்கவில்லை. உனக்கு இருக்கிற அதே வலி. தெல்தோட்டைப் பாடசாலையில் படிப்பித்த காலத்தில், மழை நாளில் இறக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தாயே. முறிந்த தொடை எலும்பு பொருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். அந்த எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் உள்ளேயே செத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. இப்போது நீ மேசையைப் பிடித்துக்கொண்டுதான் பாடம் நடத்துகிறாய் என்று ரஜனி சொல்கிறாள். மேல்மாடி வகுப்பை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாயாம். செத்த எலும்பு உயிர்த்து வராது, தம்பி. நீ எத்தனை வருஷம் பொறுத்தாலும் அது உனக்குத் தள்ளுபடி தராது.

இனி வருஷப்பிறப்புக்கு வருகிறேன். நீ ரஜனியிடம் சொன்னதையும் அவள் சொல்லிவிட்டாள். "என்னால குனிய முடிஞ்சிருந்தா அம்மா குனிஞ்சிருக்க மாட்டாங்க" என்றாயாம். அதனால் அந்த நாளை நான் பார்த்த மாதிரி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

சித்திரை பிறந்து, சுபநேரத்தில் கடை திறந்து, வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி தன் கையால் கைவிசேஷம் கொடுப்பது நம் கடை தொடங்கிய நாளிலிருந்து நடக்கிறது. வெற்றிலையில் காசு, கொஞ்சம் நெல், ஒரு பூ. இதற்கு மட்டும் நான் ஒரு வருஷமும் தவறியதில்லை. நீ வந்திருந்தாய். "அம்மா, வேணாம். வீட்லயே குடுங்க, எல்லாரையும் இங்க வரச் சொல்றேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "கடைக்கு கைவிசேஷம் வீட்ல இருந்து குடுக்கவா? அப்ப கோயிலுக்கும் போகாம போன்லயே கும்பிட்ருவமா?" என்றேன். நீ வாயை மூடிக்கொண்டாய். வான் வண்டி ஓட்டுகிறவன் ஊருக்குப் போயிருந்தான். பெருநாளன்று வேறு வண்டி எங்கே பிடிப்பது? த்ரீவீல் ஓட்டுகிற சுனிலைக் கூப்பிட்டேன். அந்தச் சிங்களப் பையனுக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை. "டொக்டர் எப்பா, வேணாம் சொன்னதுதானே அம்மா? த்ரீவீல் சீட் பள்ளம்தானே?" என்று வண்டியை விட்டு இறங்கி நின்று கேட்டான். "ரெண்டு தலகாணி போட்டா உசந்துரும். நீ ஓட்டு" என்றேன்.

த்ரீவீலில் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. தலையணை வைத்து டொக்டரின் சட்டத்தை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கடையில் சுபதிசை பார்த்துப் பாயில் உட்கார்ந்து கொடுப்பதுதான் வழக்கம். பாயில் உட்கார ஏலாது என்று எனக்கும் தெரியும். அதனால் காசு மேசைக்குப் பக்கத்தில் கிடந்த சின்ன முக்காலியில் உட்கார்ந்தேன். தரையில் உட்காரக்கூடாது என்றார்கள். முக்காலி தரை இல்லையே. நான் வாழ்நாள் எல்லாம் செய்த வியாபாரம் இதுதான். எதிராளி ஒரு விலை சொன்னால் அதில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, கடைசியில் அவரை இறக்கிவிடுவது. எலும்பு இறங்கி வராது. அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை இதைத்தான் கட்டிலோரத்தில் நின்று எனக்குச் சொன்னாள், நான் அழுதுவிட்டு மறந்தேன்.

செல்வி வாங்கினாள், மற்றவர்கள் வாங்கினார்கள், கடைசியில் நீ. உன் கைக்கு வரும்போது வெற்றிலை வழுக்கி நம் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. கைவிசேஷம் கீழே விழுந்தால் வருஷம் முழுக்க வியாபாரம் கையில் நிற்காது என்று நான்தான் உங்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். நீ குனியப் போனாய். மேசை விளிம்பைப் பிடித்தாய், உன் முகம் வெளுத்தது, பல்லைக் கடித்தாய், பாதிக்கு மேல் போக முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீ விடு, நா எடுக்குறேன்" என்றேன். செல்வி ஓடி வந்தாள். அவள் வருவதற்குள் நான் குனிந்துவிட்டேன். வெற்றிலை கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். விற்பதற்கு வைத்திருந்த மடக்கு மேசைப் பலகையில் என்னைக் கிடத்தினீர்கள். உன் கையை நான் பிடித்த பிடியில் என் நகம் பதிந்து இரத்தம் வந்தது.

யோசித்துப் பார். வெற்றிலை விழுந்தது ஒரு குற்றம் இல்லை. உன்னால் குனிய முடியாதது உன் நோய். பக்கத்தில் நல்ல இடுப்போடு நாலைந்து பேர் நின்றார்கள். ஒரு வார்த்தை சொன்னால் எடுத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. முக்காலியைத் தேர்ந்தெடுத்தது நான், த்ரீவீலைக் கூப்பிட்டது நான், உன் வாயை அடைத்தது நான். ஆபரேஷன் செய்தவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்து கொடுத்தார்கள். வாங்கின சாமானை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தவறாகப் பாவித்து உடைத்துவிட்டு, கடைக்காரன் மேல் பழி சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் மகன் அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

மயக்கம் கொடுத்து இழுத்து, கழன்ற மூட்டை மறுபடி பொருத்தினார்கள். இடுப்பைச் சுற்றிப் பட்டி, மறுபடி மல்லாந்து கிடை, மறுபடி முதலிலிருந்து. ஒரு தடவை கழன்றது இன்னொரு தடவை கழல்வது லேசு என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். மறுபடி கழன்றால் திறந்து வேறு மாதிரி செய்ய வேண்டி வருமாம். என் வயதுக்கு அதைத் தாங்குவேனா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் மறுபடி கடைக்குப் போவேனா என்று எனக்குத் தெரியாது. போக மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு தடவை கதிரையிலிருந்து எழும்பும்போதும் அந்தச் சத்தம் வருமோ என்று காது அங்கேயே இருக்கிறது. தும்மக்கூடப் பயமாக இருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: பழைய வலி இன்னும் திரும்பி வரவில்லை. பழைய இடுப்பைத் திருப்பித் தருகிறோம், வாங்கிக்கொள் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுவேன்.

உன் அப்பாவை நினைத்துப் பார். சீனி வருத்தத்தில் கால்விரல் கறுத்தது. இரண்டு விரலை எடுத்தால் போதும் என்றார்கள். "வேணாம், எண்ணெய் போட்டா ஆறிரும், என்னோட தோட்டத்துல வேல செஞ்ச ஒருத்தனுக்கு வெட்டி அவன் செத்தே போய்ட்டான்" என்றார். யாரோ ஒருவனுக்கு நடந்ததைத் தனக்கு நடந்ததாக எடுத்துக்கொண்டார். நாம் அவருக்கு விட்டுக்கொடுத்தோம். அப்புறம் பாதம் என்றார்கள், அப்புறம் முழங்கால். அப்புறம் கேட்பதற்கு அவர் இருக்கவில்லை. நீ அப்போது பெரிய வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா, ஒத்துக்குங்கப்பா" என்று நீதான் கெஞ்சினாய். இன்றைக்கு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ரஜனி நின்று அதையே சொல்கிறாள். நீ அப்பா பேசின பேச்சைப் பேசுகிறாய். அவருக்குத் தோட்டத்து மனுஷன் கிடைத்தான், உனக்கு நான் கிடைத்தேன்.

பயமாக இருக்கிறது என்று சொல், நான் நம்புகிறேன். பயம் நியாயமானது. நான் எழுதினதைப் படித்த பிறகு பயம் வராவிட்டால்தான் நீ மடையன். ஆனால் பயத்துக்குப் பாசம் என்று லேபல் ஒட்டி என்னிடம் விற்காதே. அம்மா பட்டதைப் பார்த்தேன், அம்மாவுக்கு இப்படி ஆக நான் காரணம், அதனால் நானும் இப்படியே கிடக்கிறேன் என்பது எனக்குச் செய்கிற மரியாதை இல்லை. நீ நொண்டிக்கொண்டு நடப்பதால் என் எலும்பு இறுகப் போவதில்லை. நம் இரண்டு பேரில் ஒருவராவது குனிந்து ஒரு சாமானை எடுக்க முடிந்தால் இந்தக் குடும்பத்துக்கு லாபம். அது நானாக இருக்கப் போவதில்லை.

ரஜனி ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன் எடுத்திருக்கிறாள். ஆபரேஷனுக்கு உனக்கு ஒதுக்கிய நாளை இன்னும் வேறு ஒருவருக்குக் கொடுக்கவில்லையாம், ஆனால் நோயாளியே பேச வேண்டும் என்று சொன்னார்களாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் அவள் போனையும் கையில் தருவாள். வேண்டாம் என்றுதான் சொல்வாய் என்றால் சொல், நீ வளர்ந்த மனுஷன். உனக்கு வேண்டாம் என்று சொல். என் காலைக் காரணம் காட்டாதே.

நீ சரி என்று சொன்னால் அந்த நாள் நான் கொழும்புக்கு வர மாட்டேன். அவ்வளவு தூரம் வண்டியில் மடங்கி உட்கார என்னால் ஏலாது, இந்தப் படிகளில் என்னைத் தூக்கி ஏற்ற இனி நான் யாரையும் விட மாட்டேன். உன் அப்பாவின் கட்டிலோரத்தில் இருந்தேன். உன் கட்டிலோரத்தில் இருக்க மாட்டேன். நீ கண் விழிக்கும்போது தேடுவாய். நான் இங்கே கட்டை வைத்து உயர்த்திய கதிரையில், செல்வியின் போன் மணி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அடிக்கப் பிந்தினால் என்னவெல்லாம் நினைப்பேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். போ, தம்பி. பேசு.

அம்மா